துட்டுக்கு ரெண்டு குடம்

2008 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, எழும்பூரிலிருந்து கிளம்பிய மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூடியில் அப்பா கம்பியைச் சூடுபண்ணி ஒன்பது ஓட்டை போட்டுக் கொடுத்திருந்தார். உள்ளே நனைத்துப் பிழிந்த துண்டு. துண்டுக்குள் ஓர் ஆமை. டி.டி.இ. என் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது டப்பாவுக்குள் நகம் பிறாண்டும் சத்தம் கேட்டது.

"என்ன தம்பி அது?"

"சப்பாத்தி சார்."

அவர் மூடியில் இருந்த ஓட்டைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த பெர்த்துக்குப் போய்விட்டார்.

இந்தக் கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். ஹாஸ்டலில், முதல் வேலையில், பெண் பார்க்கப் போன இடத்தில்கூட. எல்லோரும் சிரிப்பார்கள். அந்த ஆமை ஏன் என்னோடு ரயிலேறியது, அதற்கப்புறம் நான் அதை என்ன செய்தேன் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அதன் பெயர் துட்டு. 2006 மே மாதம், பிளஸ் ஒன் முடிந்த லீவில், கொளத்தூர் வண்ணமீன் கடைத் தெருவில் ஜோடி முந்நூறு ரூபாய்க்கு வாங்கினேன். பழைய ரெண்டு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. பச்சை உடம்பு, கண்ணுக்குப் பின்னால் யாரோ சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் இழுத்துவிட்டது போல ஒரு கோடு. "இது எவ்ளோ பெருசாகும்ணா?" என்று கேட்டேன். "இவ்ளோதான் தம்பி, வளரவே வளராது" என்றார் கடைக்காரர். ஜோடியில் ஒன்று முதல் வாரமே செத்துப்போனது. மிச்சமிருந்ததற்கு என் தங்கை வைத்த பெயர்தான் துட்டு.

ஆயாவுக்குப் பெயரும் பிடிக்கவில்லை, பிராணியும் பிடிக்கவில்லை. "ஆமை பூந்த வூடும் அமீனா பூந்த வூடும் உருப்படாதுடா. காசு குட்து வாங்கியாந்துகீறியே" என்றாள். அடுத்த வருடம் என் படிப்புக்கு அப்பா கல்விக்கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோது, "ஆமை வந்துச்சு, அடுத்து பேங்க்லேர்ந்து அமீனா வருவான்" என்று கணக்கை முடித்துவைத்தாள்.

வீடு பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டாவது மாடி. அப்பா எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். அம்மா வீட்டிலேயே புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பாள். போர் தண்ணீர் மஞ்சளாக, துரு வாடையோடு வரும். துட்டுவை அதில் விட்டுப் பார்த்தோம். ரெண்டே வாரத்தில் ஓட்டின் மேல் வெள்ளையாக உப்புப் படலம் படிந்துவிட்டது. நல்ல தண்ணீர் என்றால் தெருமுனை சின்டெக்ஸ் தொட்டியில் மெட்ரோ வாட்டர் லாரி நிரப்பிவிட்டுப் போகும் தண்ணீர்தான். அதற்கு வரிசை உண்டு, சண்டை உண்டு, வீட்டுக்கு இத்தனை குடம் என்ற கணக்கும் உண்டு. அதில் வாரத்துக்கு இரண்டு முறை, முறைக்கு இரண்டு குடம் துட்டுக்கு. தண்ணீர் ஆமை இருக்கிற தண்ணீரிலேயே தின்னும், அதிலேயே கழியும். மாற்றாவிட்டால் மூன்றாவது நாள் நாறும். பழைய தண்ணீரை அம்மா கீழே கொட்டமாட்டாள், கக்கூஸுக்கு எடுத்து வைப்பாள்.

பிளஸ் டூ முடியும்வரை அந்தக் குடங்களை நான் தூக்கினேன். 2007-ல் திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். குடத்தை யார் தூக்குவது என்று யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஹாஸ்டலில் என் பெயரே 'ஆமை' ஆகிவிட்டது. முதல் நாள் அறிமுகத்தில், "ஹாபி?" என்று சீனியர் கேட்டபோது, "ஆமை வளர்க்கிறேன்" என்று சொன்னதன் பலன். அப்போது அது எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு ரூபாய் காயின் போனில் வீட்டுக்குப் பேசும்போது, "துட்டு எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "நல்லா கீது, நீ சாப்ட்டியா?" என்பாள் அம்மா. இதைத்தான் நான் வளர்ப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

2008 ஜூலையில் அம்மா குடத்தோடு மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. ஃபால்ஸ் அடிக்கிற கை. அது துட்டுவுக்குத் தூக்கிக்கொண்டு வந்த குடம் என்பதைத் தங்கைதான் போனில் சொன்னாள், அம்மா சொல்லவில்லை. அதற்கடுத்த மாதம்தான் அந்த டிபன் டப்பா.

ஹாஸ்டல் அறையில் மூன்று பேர். என் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு நீலப் பக்கெட், அதில் துட்டு. அப்போது என் உள்ளங்கையை நிறைக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து ரூம்மேட், "மச்சான், நாய்னா குரைக்கும், பூனைன்னா மெஸ்ஸுக்குப் போயிரும். உன் ஆள் தங்கம்டா" என்றான். மாடியில் ஒரு சீனியர் ஷூ டப்பாவில் நட்சத்திர ஆமை வைத்திருந்தார். அதிர்ஷ்டமாம். அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ, எனக்கு அன்று தெரியாது. துட்டு அந்தச் சட்டத்துக்குள் வராது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப்பக்கத்து இனம் அது, ரெட் இயர்டு ஸ்லைடர். பண்ணைகளில் பொரிக்கவைத்து உலகம் முழுக்க ஏற்றுமதி செய்தார்கள். சின்ன ஆமைகளைக் கையாண்ட குழந்தைகளுக்கு சால்மோனெல்லா தொற்று வந்ததால், 1975-லேயே அமெரிக்கா நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளை விற்கத் தடை போட்டுவிட்டது. கொளத்தூரில் நான் வாங்கியது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்.

மாணவர்களுக்கு ஊர்வன ஏன் பிடிக்கின்றன என்று பின்னால் நிறைய யோசித்திருக்கிறேன். சத்தம் போடாது. முடி கொட்டாது. உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளச் சாப்பாட்டைச் செலவழிக்காத பிராணி என்பதால், நாள்கணக்கில் பட்டினி கிடந்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. பராமரிப்பு குறைவு என்று இதைத்தான் சொல்கிறோம். நாய்க்கு ஒருவேளை சோறு போடாவிட்டால் அது நம் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடும். ஆமைக்கு நாம் செய்யும் தப்பு அதன் உடம்பில் தெரிவதற்கே மாதக்கணக்கில் ஆகும். அதுவரை எல்லாம் சரியாக நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கலாம். நான் நம்பினேன்.

அந்த வருடம் தீபாவளி அக்டோபர் கடைசியில் வந்தது. ஹாஸ்டலே காலியானது. மறுபடி டப்பாவில் போட்டு ரயிலில் கொண்டுபோவது தொல்லை என்று தோன்றியது. பக்கெட்டில் பாதி தண்ணீர் நிரப்பி, கடையில் வாங்கிய காய்ந்த இறாலை ஒரு பிடி போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். கையில் மாவுக்கட்டு பிரித்த தழும்போடு அதிரசம் தட்டிக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்.

"துட்டு எங்கடா?"

"ரூம்மேட் பாத்துக்கறான்மா."

ரூம்மேட் தஞ்சாவூர்ப் பக்கத்தில் வெடி வெடித்துக்கொண்டிருந்தான்.

எட்டாவது நாள் திரும்பிப் போய்க் கதவைத் திறந்தபோது அறை நாறியது. துட்டு உயிரோடு இருந்தது. "பாத்தியா, ஒண்ணும் ஆகலை" என்று ரூம்மேட்டிடம் பெருமையாகவே சொன்னேன். நவம்பரில் அது சாப்பிடுவதைக் குறைத்தது. செமஸ்டர் பரீட்சை ஓடிக்கொண்டிருந்தது. டிசம்பரில் லீவு விட்ட அன்று பார்த்தால் இரண்டு கண்களும் வீங்கி மூடியிருந்தன. ஓட்டை விரலால் அழுத்தினால் லேசாக உள்ளே போனது.

வீட்டுக்குப் போன மறுநாள் காலை, அதே டப்பாவோடு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1903-ல் ஆரம்பித்த கல்லூரி. சுற்றிலும் நாய்கள், ஒரு ஆடு, சாக்குப்பையில் ஒரு சேவல். டாக்டர் துட்டுவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன குடுக்கறீங்க?" என்றார்.

"காஞ்ச இறால் சார்."

"வேற?"

"அது மட்டும்தான்."

"வெயில்ல வைக்கறீங்களா?"

"ஜன்னல் ஓரமாதான் சார் இருக்கும். காலையில நல்லா வெயில் விழும்."

"ஜன்னல் தொறந்திருக்குமா, மூடியிருக்குமா?"

வார்டன் கண்ணில் படக்கூடாதென்று கண்ணாடியை எப்போதும் மூடியே வைத்திருந்தேன். சொன்னேன்.

"அப்ப உள்ள வந்தது வெளிச்சம் மட்டும்தான் தம்பி. வெயில் வரலை."

ஆமையின் தோல் வைட்டமின் டி தயாரிக்க யூவி-பி எனப்படும் புற ஊதாக் கதிர் வேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடி அதைக் கிட்டத்தட்ட முழுக்கத் தடுத்துவிடும். அந்த வைட்டமின் இல்லாவிட்டால், தின்னும் கால்சியம் எலும்பில் சேராது. ஆமைக்கு ஓடும் எலும்புதான். கண் வீக்கம் வைட்டமின் ஏ குறைபாட்டால் வருவது. கண் தெரியாவிட்டால் இரை தெரியாது, தின்னாவிட்டால் கண் இன்னும் வீங்கும். நான் படித்துக்கொண்டிருந்தது எலெக்ட்ரானிக்ஸ். அந்த வருடம்தான் எங்களுக்கு மின்காந்தப் புலங்கள் பற்றி ஒரு பேப்பர். அலைநீளத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதுவேன். ஜன்னலைத் திறக்கத் தோன்றவில்லை.

டாக்டர் சொன்னதை அம்மாவிடம் ஒப்பித்தேன். அவளுக்கு யூவி-பி தேவைப்படவில்லை. "வெயிலு, முள்ளோட மீனு, கீரை. அவ்ளோதான?" என்றாள். மறுநாளிலிருந்து காலை ஏழு மணிக்கு மொட்டை மாடியில் அலுமினியப் பேசின், நடுவில் ஏறி நிற்க ஒரு செங்கல், பாதிப் பேசினுக்கு நிழலாக ஒரு பழைய அட்டை. காசிமேட்டிலிருந்து வரும் மீன்காரம்மாவிடம் நெத்திலி வாங்கித் தலையோடு போட்டாள். கேரட்டைத் துருவிப் போட்டாள். கால்சியத்துக்கு என்ன செய்வது என்று நான் மருந்துக்கடைகளில் அலைந்துகொண்டிருந்தபோது, மீன்காரம்மா கணவாய் ஓட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பார்களே, அதுதான். கிட்டத்தட்ட முழுக்கக் கால்சியம் கார்பனேட். மூன்றாவது வாரம் துட்டு கண் திறந்தது. ஆயா முதலில் பார்த்துவிட்டு, "தொறந்துட்ச்சு, தொறந்துட்ச்சு" என்று படியில் நின்று கத்தினாள்.

ஜனவரியில் நான் ஹாஸ்டலுக்குத் தனியாகத் திரும்பினேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. மணிக்கட்டு சரியாகிவிட்டதாக மட்டும் சொன்னாள்.

பின்னால் ஒருநாள் வேலை வெட்டி இல்லாமல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குடத்துக்கு 15 லிட்டர், வாரத்துக்கு நான்கு குடம், 60 லிட்டர். நான்கு வருடப் படிப்பில் துட்டு ஹாஸ்டலில் இருந்த மாதங்களைக் கழித்தால் 186 வாரம் வருகிறது. 11,160 லிட்டர். ஒரு பெரிய மெட்ரோ வாட்டர் லாரியின் கொள்ளளவை நெருங்கும். அதை இரண்டு மாடி ஏற்றியது அம்மா, கொஞ்சம் தங்கை. ஆமை வளர்த்தது நான்.

2011 பிப்ரவரியில் ஹாஸ்டலுக்கு போன் வந்தது. "டேய், துட்டு அவன் இல்லடா, முட்டை போட்டுக்கீது." முன்னங்கால் நகம் நீளமாக இருந்தால் ஆண் என்று எங்கோ படித்துவிட்டு, நகத்தைச் சரியாகப் பார்க்காமலே நான்தான் ஆண் என்று அறிவித்திருந்தேன். சேவல் இல்லாமல் கோழி முட்டையிடுவது போல இதுவும் இடும், பொரிக்காது. ஆனால் தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டை வயிற்றிலேயே தங்கி ஆமை செத்துப்போகலாம். இது எனக்கு அப்போது தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. ஆனால் நான்கு நாளாக அது பேசினைப் பின்னங்காலால் பிறாண்டுவதைப் பார்த்துவிட்டு, "மண்ணு கேக்குது போல" என்று ஒரு டப்பில் ஆற்றுமணல் கொட்டி வைத்திருக்கிறாள்.

அப்புறம் எனக்குப் பெங்களூரில் வேலை. ஆயா போனாள். தங்கைக்குக் கல்யாணமாயிற்று. அப்பாவும் போய்விட்டார். அந்த வீட்டில் அம்மாவும் துட்டும்.

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த நாள்களில் ஒருநாள் பெங்களூரிலிருந்து போன் செய்து, நிஜமான அக்கறையோடுதான், சொன்னேன்: "ம்மா, உன்னால முடியாது. ஏதாவது கோயில் குளத்துல விட்டுடு. அதுக்கும் விடுதலை, உனக்கும் விடுதலை."

"எந்தக் குளத்துலடா தண்ணி கீது?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வூட்டுலயே வளந்தது, எப்டி பொழைக்கும்?" என்று கேட்டாள்.

அம்மாவின் பயத்தில் பாதி நியாயம் உண்டு. அது பிழைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் மீதி. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் 'மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள்' பட்டியலில் துட்டுவின் இனம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இறக்குமதியை நிறுத்திவிட்டது. நம் குளங்களில் இருக்கும் பால் ஆமையோடும் கருப்பாமையோடும் இது இரைக்கும் வெயில் காயும் இடத்துக்கும் போட்டி போடும். குவாஹாத்தியில் தீபோர் பீல் ஏரியிலும் உக்ரதாரா கோயில் குளத்திலும் இதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். கேரளத்தில், வளர்க்க முடியாதவர்கள் கால்வாயில் விடாமல் எங்களிடம் ஒப்படையுங்கள் என்று பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிலையம் கேட்டுக்கொண்டது. கோயில் குளத்தில் விட்டவர்கள் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். என்னைப் போல வெளியூரில் உட்கார்ந்து விடுதலை பற்றி யோசித்தவர்களாக இருக்கலாம்.

ஆமையை விடுவதற்காகவே வளர்க்கும் மாணவர்களும் இதே சென்னையில் இருக்கிறார்கள். 1988-லிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் ஜனவரி முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ராத்திரி முழுக்க மணலில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறார்கள். ஒரு மார்ச் மாதம் நானும் போய் நடந்தேன். விடியும் முன்பு, ஒன்றரை மாதம் காத்த குஞ்சுகளைக் கடலுக்குப் பத்தடி தள்ளி விட்டுவிட்டு, யாரும் தொடாமல் நின்றார்கள். அந்தக் குஞ்சுகளுக்குப் போக ஒரு கடல் இருந்தது. துட்டுவுக்கு இந்த ஊரில் அலுமினியப் பேசினைத் தவிரப் போக இடமில்லை. அதை உண்டாக்கியது கொளத்தூரில் நான் கொடுத்த முந்நூறு ரூபாய்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கும் ஓர் இன்டர்ன். காலேஜ் ஹாஸ்டலில் பால் பைத்தான் வளர்க்க ஆசை. "பத்து நாளைக்கு ஒரு எலி போட்டா போதும்ணா, செம ஈஸி" என்று போனில் படம் காட்டினான். 2024-லிருந்து பால் பைத்தான், இகுவானா போன்றவற்றை பரிவேஷ் 2.0 தளத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்று சொன்னேன். "அது பிரச்னை இல்லண்ணா" என்றான். "தீபாவளிக்கு ஊருக்குப் போவல்ல, அப்ப யாரு பாத்துப்பா?" என்று கேட்டேன். "ரூம்மேட் இருப்பான்ணா" என்றான்.

அம்மா இப்போது என்னோடு மேடவாக்கத்தில் இருக்கிறாள். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. துட்டுவுக்குப் பதினெட்டு வயது தாண்டிவிட்டது, ஓடு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு, இன்னும் பத்து இருபது வருடம் இருக்கலாம். "எனக்கப்புறம் இத யாரு பாத்துப்பா?" என்று அம்மா கேட்பதில் கேலி கிடையாது. இங்கேயும் லாரித் தண்ணீர்தான். ஆனால் குழாயில் வருகிறது. செவ்வாயும் சனியும் பால்கனித் தொட்டியை நான் கழுவுகிறேன். அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பாள்.

போன சனிக்கிழமை, தொட்டியைத் தேய்த்துக்கொண்டே அந்தத் தீபாவளியைச் சொன்னேன். ரூம்மேட் பார்த்துக்கொள்ளவில்லை, அறையைப் பூட்டிவிட்டு வந்தேன் என்று. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"பக்கெட்ல தண்ணி எவ்ளோ இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"பாதி பக்கெட்."

"ஏறி நிக்க கல்லு போட்டியா?"

"போடலம்மா."

அம்மா செங்கல் மேல் கழுத்தை நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்த துட்டுவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எட்டு நாளும் நீந்திக்கினேதான் இருந்திருக்குது" என்றாள்.